ஜன்னல் அண்ணனும் லேபல் இல்லாத கேனும்

நுவரெலியாவில் குளிரோடு சண்டை போட்ட ஒரே மனுசன் ஜன்னல் அண்ணன்தான். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும். இந்த ஆள் எந்த அறைக்குள் போனாலும் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே கார்ப்பெட் கழுவுவது அவர் வேலை. கூட நின்று வாளி தூக்கியது நான்.

கறையைக் கண்டால் மற்றவன் துடைப்பான். இவர் விசாரணை வைப்பார். குனிந்து, முகர்ந்து, தேத்தண்ணியா, வைனா, கோழிக் குழம்பா என்று முடிவுக்கு வர அரை மணித்தியாலம். அப்புறம் மருந்துப் போத்தலின் லேபலை மந்திரம் ஓதுகிற மாதிரி உரக்க வாசிப்பார். சோபாவுக்கு அடியில் யார் கண்ணும் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பார். துணியில் சாயம் ஏறினால் அந்த மருந்துக்கு அந்த அறையில் இடமில்லை. ஏறாவிட்டாலும், "நாளைக்குப் பாப்போம்" என்று போய்விடுவார்.

"கம்பளின்னா ஆட்டு முடிப்பா. ஒன் தலையில பிளீச் ஊத்திக்குவியா?" என்பார்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா, போர்வைக்குள் நடுங்கியபடி ஜன்னலைச் சாத்தச் சொன்னார். "குளிருக்குப் போர்வை இருக்குங்கம்மா, மூச்சுக்கு என்னங்க இருக்கு?" என்றார் இவர். அந்த அம்மா அன்றைக்கே அறையைக் காலி பண்ணிவிட்டார். மெனேஜர் சாமி வந்தவர் மாதிரி ஆடினார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். கையை நீட்டினார். இரண்டு விரலில் நகமே இல்லை. "தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிச்ச கைப்பா. கேன்ல என்னா இருக்குன்னு வேல வாங்குற கண்டாக்கையாகிட்ட கேட்டேன். புல்லுதானே சாகுது, ஒனக்கென்னன்னாரு." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பிறகு ஒரு கல்யாணம் வந்தது. அன்று காலை பெரிய ஹோலின் கம்பளிக் கார்ப்பெட்டில் யாரோ ஒரு கெத்தல் தேத்தண்ணியைக் கவிழ்த்துவிட்டார்கள். மெனேஜர் இரண்டு கேனோடு வந்தார். இரண்டிலும் லேபல் இல்லை.

"ரெண்டையும் கலந்து தேய். பகலுக்குள்ள பளிச்சுன்னு இருக்கணும்."

"என்னான்னு தெரியாத சாமான கலக்க மாட்டேன் சேர். மூலையில பாக்காம கம்பளியில ஊத்தவும் மாட்டேன்."

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ செய்வியா?"

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. செய்வேன் என்றேன்.

வெளியே பனிமூட்டம். ஈரம் புகுந்தால் கார்ப்பெட் காயாதென்று, நானே ஒரு ஜன்னல் விடாமல் சாத்தினேன். கலந்த கொஞ்ச நேரத்தில் ஒரு நெடி கிளம்பியது பாருங்கள், கண் எரிந்து, நெஞ்சு இறுகி, முழங்காலில் விழுந்து இருமினேன். கறை இருந்த இடம் மஞ்சளாகி, கம்பளி பிரஷோடு கொத்தாக வந்தது.

சத்தம் கேட்டு வந்த ஹோட்டல் முதலாளி வாசலில் நின்று, யார் செய்த வேலை என்று கேட்டார். "ஜன்னல்தான் சேர்" என்றார் மெனேஜர், வாய் கூசாமல். முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.

பக்கத்திலேயே நின்ற ஜன்னல் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். அன்றைக்கே அவருக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள்.

கையுறையை எடுக்க ஹோலுக்குள் வந்தார். நான் இன்னும் இருமிக்கொண்டிருந்தேன். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய் ஏழு ஜன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"வெளியில போயி கொஞ்சம் நில்லுப்பா. இந்த நெடி நல்லதில்ல."

அவ்வளவுதான். போய்விட்டார். கொட்டகலைப் பக்கம் இருக்கிறார் என்கிறார்கள், தேடிப் போக எனக்கு முகமில்லை.

இப்போது அவர் வேலை எனக்கு. அன்றைக்கு வந்த இருமலும் எனக்கே. விடிந்ததும் தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டின் ஒற்றை ஜன்னலைத் திறக்கிறேன், "பனி வருது, சாத்துங்க" என்று மனைவி கத்துகிறாள். சாத்துவதில்லை.

அண்ணே, ஒருக்கா வந்து என்னைத் திட்டிட்டாவது போங்க.