லாரிக்குள் ஒளிந்திருந்த காமா கதிர்

படித்த முட்டாள் கையில் கருவி கிடைத்தால் ஊர் தாங்காது. நான் படித்தவன், கருவியும் கையில் இருந்தது.

கோவைக்கு வெளியே ஒரு பவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். உருக்க வரும் பழைய இரும்பில் கதிரியக்கப் பொருள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று காமா கதிரை வைத்துக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. தப்பித்தவறி ஒன்று உலைக்குள் போனால் பவுண்டரியையே இழுத்து மூட வேண்டியதுதான். (என் வேலை மட்டும் மிஞ்சுமா என்ன?)

அன்று மதியம் ஒரு லாரி, கதிரைக் கண்டுபிடிக்கும் கருவி பொருத்திய வாசல் தூண்களுக்கு நடுவே நுழைந்தது. எனக்குப் பெண் கொடுத்து நான்கே மாதமாகியிருந்த தாராபுரத்து மாமனாரும், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, அதை ஒட்டியே உள்ளே வந்தார். அலாரம் அலறியது.

உலையை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் வெளியே விரட்டினேன். மாமா மட்டும் நகரவில்லை.

“நீங்களும் போயிருங்க மாமா. ஆபத்துங்க.”

“மாப்ளயத் தனியா உட்டுப்போட்டு நான் எங்கீங்க போறது?”

மாமனாரை இரண்டாம் தடவை போகச் சொல்ல எங்கள் பக்கத்தில் எவனுக்கு நாக்கு எழும்? கைக்கருவியோடு லாரியைச் சுற்றினேன். அவர் என் முதுகை ஒட்டியே வந்தார். முன்பக்கம் போனாலும் கத்தியது, பின்பக்கம் போனாலும் கத்தியது. லாரி முழுக்க விஷம் என்று முடிவுகட்டி, மேலாளருக்கு போன் போட்டேன்.

“கத்துறது கெடக்கட்டுங்க தம்பி. என்ன பொருள்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஒவ்வொரு பொருளின் காமா கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு. அதை வைத்துக் கருவியே பெயரைச் சொல்லிவிடும். (பயத்தில் படித்ததெல்லாம் பறந்துபோயிருந்தது.) பொத்தானை அமுக்கினேன். டெக்னீசியம் என்றது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றுகிற சமாச்சாரம்.

மெதுவாகத் திரும்பினேன். மாமாவின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“காத்தால நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தேனுங்க மாப்ள. ஊட்ல சொல்லல, பயந்துக்குவாங்க. எனக்கும் மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

அவர் வந்த காரணம் எனக்கு நெஞ்சில் குத்தியது. நல்லவேளை, ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையோடு போய்விட்டது. என் வேலையும் தப்பியது.

விருந்தில் அவர் ஒளித்து ஒளித்து ஜிலேபி தின்றால், “மாப்ள, அந்த மிசினக் கொஞ்சம் கொண்டாங்க” என்று அத்தை இன்றைக்கும் சபையில் மானத்தை வாங்குவார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த ஸ்கேன் வந்தால் முதல் நாளே எனக்கு போன் வந்துவிடும்: “நாளைக்கு உங்க கம்பெனிப் பக்கம் வரலீங்க மாப்ள.”

நான் லீவு போட்டுவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.