கொடி பிடித்த மேஸ்திரி

சென்னைப் பட்டணத்தில் ஒரு ரயில் எஞ்சினையே நாய்க்குப் பின்னால் நடக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் கொடி நைனாதான். அவருடைய சொந்தப் பெயர் ராயபுரத்தில் யாருக்கும் தெரியாது.

துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்குச் சரக்கு வண்டி வரும் தண்டவாளம் எங்கள் தெருவைக் குறுக்கே வெட்டிப் போகும். எஞ்சினுக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடந்து, ஜனங்களை விலக்க வேண்டும். அதுதான் நைனாவின் வேலை. ஆனால் கொடி இருந்தது ஒரு செவலை நாயின் வாயில். அதன் பெயர் மேஸ்திரி. நைனா கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடப்பார். மேஸ்திரி நின்றால் எஞ்சின் டிரைவரும் பிரேக்கைப் போட்டுவிடுவார். அப்படியே பழகிவிட்டது.

நான் கிடங்கில் எடை போடுகிறவன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். ஒருநாள் தைரியமாக, "நாய் சாப்பிட்டதா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா மாமு, மருவாதியா பேசு. அவரு டூட்டில கீறாரு" என்றார் நைனா. டீக்கடையில் மேஸ்திரி பொறை ரொட்டியைத் தின்று முடிக்கும்வரை அவர் டீயைத் தொடமாட்டார்.

இந்த நிலையில் புதிய சூப்பர்வைசர் வந்தார். நாய் கொடி பிடிப்பதைப் பார்த்து அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இனி தண்டவாளத்தில் கண்டால் நாய் பிடிக்கும் வண்டிக்குச் சொல்லிவிடுவதாக எச்சரித்தார். அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததில்லை.

"கட்டிடறேன் சார். ஆனா அவரு லீவு கேக்கல" என்றார் நைனா.

அவசரத்தில் அவர் மேஸ்திரியைக் கட்டியது, தண்டவாளத்தோர வீட்டுக்காரி கன்னியம்மா துணி காயப்போடும் கம்பத்தில்.

அன்று மத்தியானமே அது நடந்தது. கொடியோடு முன்னால் நடந்த நைனாவின் கால், தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொண்டது. குப்புற விழுந்தார். கொடி அவருக்கு அடியில். எஞ்சினின் நீண்ட முன்புறம் மறைத்ததால் டிரைவருக்குக் கீழே கிடப்பவர் தெரியவில்லை. நாங்கள் போட்ட கூச்சலும் சக்கரச் சத்தத்தில் கேட்கவில்லை.

மேஸ்திரி ஒரே இழுப்பில் கம்பத்தைச் சாய்த்துக் கட்டிலிருந்து உருவிக்கொண்டது. கன்னியம்மாவின் சிவப்புப் புடவையை வாயில் கவ்வி, கயிற்றோடு மற்ற துணிகளெல்லாம் ஊர்வலமாகப் பின்னால் வர, டிரைவர் பக்கம் ஓடி எஞ்சின் படியில் தாவியது. சிவப்பைக் கண்டதும் டிரைவரின் கை தானாகப் பிரேக்குக்குப் போனது. நைனாவுக்கு ஒரு முழம் முன்னால் எஞ்சின் நின்றது. படியில் அடிபட்டு மேஸ்திரியின் முன்கால் முறிந்தது.

சண்டைக்கு ஓடிவந்த கன்னியம்மா, நாயின் காலைப் பார்த்தாள். அதே புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள். கையில் கிடைத்ததை நாய் இழுத்து வந்ததாக யாரோ சொன்னார்கள்.

"வெள்ள வேட்டியுந்தான் தொங்கிகினு இருந்திச்சி. அத்த எடுத்தாரா?" என்று நைனா கேட்டார்.

சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர் நாயின் காலைக் குனிந்து பார்த்தார். "கால் ஆறட்டும். அப்புறம் வேலைக்கு வரட்டும்."

"வூட்ல குந்திகினு இருந்தா மனசு ஒடஞ்சிடுவாரு சார்."

மறுநாள் காலையில் நைனா மேஸ்திரியைக் குழந்தைபோல் இரு கைகளிலும் ஏந்தி எஞ்சினுக்கு முன்னால் நடந்தார். கொடி மேஸ்திரியின் வாயில் இருந்தது. மூச்சு வாங்கி அவர் அடிக்கடி நின்றார். எதற்கும் அவசரப்படும் அந்த டிரைவர், கால் ஆறும்வரை ஒருநாளும் விசில் ஊதவில்லை. தெருவில் நாங்களும் யாரும் சொல்லாமலே வழிவிட்டு நின்றோம்.