ஒரு முழு மூச்சுத் திட்டு

எனக்குக் கோபம் நன்றாக வருகிறது. மூச்சுதான் வருவதில்லை.

ஒரு ஆம்பளைக்கு இதைவிடக் கேவலம் உண்டா? முப்பது வருஷம் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்மேனாக இருந்தவன் நான். கீழே நின்று நான் கத்தினால் கிரேன் உச்சியில் இருப்பவன் பதறிப்போய் எட்டிப் பார்ப்பான். இன்றைக்குத் திட்ட ஆரம்பித்தால் பாதியில் இருமல் வந்துவிடுகிறது. மீதித் திட்டை என் மனைவி புஷ்பவல்லி முடித்துவைக்கிறாள்.

"சோத்துல உப்பு... அறிவுகெட்ட... க்ஹூம்... க்ஹூம்..."

"அறிவுகெட்டவளே, உப்பே இல்லன்னு சொல்ல வர்றீங்க. சரி, சொல்லியாச்சு. சாப்பிடுங்க."

வயிறு எரியுமா எரியாதா?

எல்லாம் சிகரெட் செய்த வேலையாம். அதை விட்டுத் தொலைத்து வருஷமாகிறது. நுரையீரல் மட்டும் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. "நாள்பட்ட நோய் அங்கிள், முழுசா போகாது. ஆனா இதக் காலையும் ராத்திரியும் இழுத்தா நல்லா மூச்சு விடலாம்" என்று டாக்டர் ரிஹானா ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பஃப்பாம். அதை மாட்டி இழுக்க ஒரு பிளாஸ்டிக் குழாயாம். நான் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் கீழ்வீட்டுக் கன்னையா சொல்லியிருந்தான்:

"பஃப்ப ஒரு தடவ வாயில வெச்சா அவ்ளோதான் லா. ஆயுசுக்கும் அடிமை."

சொல்லும்போது அவன் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

மாமாக் டீக்கடையில் நாலு பேர் முன்னால் மேசையைத் தட்டினேன். "அந்த பஃப் என் வாயில பட்டுச்சுன்னா, இந்த மீசைய எடுத்துடறேன்!" துறைமுகமே பயந்த மீசை அது. கன்னையா கை தட்டினான்.

வீட்டுக்கு வந்து புஷ்பவல்லியிடமும் சொன்னேன்.

"சரிங்க" என்றாள்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கே 'யோசிச்சுச் சொல்றேன்' என்றவள் அவள்.

கைப்பேசியைத் திறந்தால் ஊரெல்லாம் வைத்தியர்கள். நொச்சியும் தைலமும் போட்டு ஆவி பிடிக்கச் சொன்னான் ஒருவன். போர்வைக்குள் வெந்தேன். வெளியே வந்தபோது மூக்கு தக்காளியாகியிருந்தது. மூச்சு அதே மூச்சு. மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை இழுக்கச் சொன்னான் இன்னொருவன். "அது பத்தாது, ஓமமும் சாம்பிராணியும் சேத்துப் போடுங்க" என்றான் கன்னையா. போட்டேன். இருமினேன். இருமல் நிற்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் போட்டேன்.

மேல்வீட்டுச் சீன ஆன்டி தீயணைப்புக்கு ஃபோன் போட்டுவிட்டார். பொம்பா லோரி ஊளையிட்டுக்கொண்டு வந்தது. நாலு மாடி ஏறி வந்த அதிகாரி, தீ எங்கே என்று மலாயில் கேட்டார். அவரையும், ஆன்டியையும், லிஃப்டைப் பழுது பார்க்காத நிர்வாகத்தையும் சேர்த்துத் திட்ட வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

"தீ இல்லீங்க, வைத்தியம்" என்று புஷ்பவல்லி மலாயில் சொன்னாள். அந்த ஆள் மீசைக்குள்ளேயே சிரித்தான். எனக்கு ரத்தம் கொதித்தது.

அடுத்த வாரம் அவள் ஒரு குழலோடு வந்தாள். மஞ்சள் துணியால் இறுக்கிச் சுற்றி, கறுப்புக் கயிறு கட்டி, மேலே விபூதிப் பட்டையும் குங்குமமும் வைத்திருந்தது.

"ரவாங் ஊருல ஒரு சாமியாரு குடுத்தது. பிரிச்சுப் பாக்கக் கூடாது, பாத்தா பலிக்காது. சாமி ரூம்ல கண்ண மூடி உக்காருங்க. நான் பிடிச்சுக்கிறேன். இழுத்து, மூச்ச அடக்கி, மனசுக்குள்ள பத்து தடவ முருகா சொல்லணும்."

இதல்லவா வைத்தியம்! கண்ணை மூடினேன். உஸ்ஸ்ஸ் என்றது.

"என்னடி சத்தம்?"

"நாகம்மா மூச்சு. பேசாம இழுங்க."

இழுத்தேன். செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"வாயக் கொப்புளிச்சுத் துப்புங்க."

"தீர்த்தத்தையா துப்பச் சொல்ற?"

"இது துப்புற தீர்த்தம்."

சாமியாரை எப்படிப் புகழ்வது! கொஞ்ச நாளில் நாலு மாடியையும் நிற்காமல் ஏறினேன். ஏறி நின்று லிஃப்ட் நிர்வாகத்தை ஒரே மூச்சில் திட்டினேன். கீழே நாய் குரைத்தது. அன்று குழம்பில் உப்பு இல்லை. அதையும் முழுசாகத் திட்டினேன். முடித்துவைக்க அவளுக்கு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை. திட்டு வாங்கியவள் சிரித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

திட்டப் பாக்கி இருந்தது டாக்டர் ஒருவர்தான்.

"குழலையும் எடுத்துக்குங்க" என்றாள் புஷ்பவல்லி. "டாக்டரம்மாவுக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும். கன்னையா அண்ணனும் வரட்டும், சாட்சிக்கு."

டாக்டர் ரிஹானா ஒரு கருவியில் என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். "போன தடவையவிட ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்" என்றார். இதற்குத்தானே காத்திருந்தேன்!

"ஏன் நல்லா இருக்காது? ஒங்க பஃப்ப நம்பியிருந்தா நான் இந்நேரம் படத்துல மாலையோட தொங்கியிருப்பேன்! ஆயுசுக்கும் அடிமையாக்கப் பாத்தீங்களே, எங்க சாமியாரு மருந்துக்குக் கால் தூசு ஆகுமா ஒங்க படிப்பு?"

ஒரே மூச்சு. ஒரு இருமல் இல்லை. குழலை மேசைமேல் ஓங்கி வைத்தேன். பலித்துவிட்டதே, இனிப் பிரித்தால் என்ன? நானே கயிற்றை அறுத்துத் துணியை உருவினேன்.

பிளாஸ்டிக் குழாய் வந்தது. அதன் முனையில் பஃப். பஃப்பின் மேல் ஆஸ்பத்திரிச் சீட்டு. சீட்டில் என் பெயர்: தம்புசாமி.

"சொன்ன மாதிரியே எடுத்திருக்கீங்க அங்கிள்" என்றார் டாக்டர். "வாயும் கொப்புளிக்கிறீங்கல்ல?"

புஷ்பவல்லி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரவாங் சாமியாரு?" என்றேன்.

"வெள்ளக் கோட்டு சொன்னா ஒங்களுக்கு ஏறல. மஞ்சத் துணி சொன்னா ஏறுது. நான் என்ன செய்ய?"

அவளை அங்கேயே கிழித்திருப்பேன். மூச்சு நிறைய இருந்தது. ஆனால் அந்த மூச்சே அவள் கொடுத்தது.

"டாக்டர்," என்றான் கன்னையா இருமிக்கொண்டே, "எனக்கும் அதுல ஒன்னு எழுதுங்க லா." துரோகி!

வீட்டுக்கு வந்தோம். கன்னையா நாற்காலியை இழுத்துப் போட்டு, படம் பார்க்க வந்தவன் போல உட்கார்ந்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"எதுக்குடி வெந்நீர்? இனிமே எனக்கு ஆவியும் வேணாம், புகையும் வேணாம்!" என்று கத்தினேன்.

"ஆவிக்கு இல்லைங்க" என்றாள் புஷ்பவல்லி, ரேஸரைத் துடைத்துக்கொண்டே. "மீசைக்கு."