துண்டு போட்ட இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஃப்ரீமான்ட்டில் நீங்கள் எங்கே உட்காரப் போனாலும், எங்கள் பக்கத்து வீட்டுத் துண்டுக்காரர் அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருப்பார். ஆள் இருக்கமாட்டார். துண்டு இருக்கும்.

பெட்டி நிறைய ஈரோட்டு ஈரிழைத் துண்டுகளோடு அமெரிக்காவில் வந்து இறங்கிய சாஃப்ட்வேர்காரர் அவர். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் பிடிக்கும் நம்மூர் வழக்கத்தை இந்த தேசமும் மதிக்கும் என்று மனசார நம்பினார். அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்து நாற்காலி, லாண்டரி மெஷின், கோயில் சாப்பாட்டுப் பந்தி, எதையும் விட்டுவைக்கவில்லை. நீச்சல் வேறு தெரியாது அவருக்கு. லைசென்ஸ் எடுக்கப் போன ஆபீஸில் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியிலும் ஒரு துண்டு போட்டிருந்தார். அது யாருக்கு என்று கேட்டேன். யாராவது நம்ம ஆள் வராமலா போய்விடுவார்கள் என்றார்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த சாஸ்திரம் பிடிபடவில்லை. பாவம், யாரோ மறந்துவிட்டுப் போனார்கள் என்று துண்டை மடித்து மேனேஜர் ரூமில் கொடுத்துவிடுவார்கள். பார்க்கிங்கிலோ சுத்தமாக எடுபடவில்லை. துண்டின் மேலேயே காரை ஏற்றி நிறுத்தினார்கள். சனி, ஞாயிறு விருந்தாளிகள் கார் நிறைந்துவிடும். மனிதர் யோசித்தார். துண்டுக்குப் பதில் ஆமையை வைத்தார்.

அந்த ஆமை மகளுக்காக வாங்கியது. மனைவியும் மகளும் விசாவுக்காக ஈரோட்டில் காத்திருந்தார்கள். ஃபோட்டோவைப் பார்த்தே பாப்பா அதற்கு மணி என்று பெயர் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கமாட்டாள், மணி என்ன சாப்பிட்டான் என்பாள்.

என் மனைவிக்கு ஆமையைக் கண்டாலே ஆகாது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அவர் காதுபடவே சொன்னாள். அவர் அசரவில்லை.

"ஜப்திக்கு அமீனாவே வந்தாலும் ஒரு துண்டைப் போட்டு உக்கார வச்சுருவனுங்க" என்றார்.

கடைக்குக் கிளம்பும்போது மணியைத் தன் பார்க்கிங் கட்டத்தின் நடுவில், வெயிலில் வைப்பார். முன்னால் ஒரு கீரைக்கட்டு. திரும்பி வந்ததும் இறங்கி, ஆமையைத் தூக்கிக்கொண்டு, பிறகு காரை ஏற்றுவார். உசுரு உள்ளது மேல யார் வண்டி ஏத்துவாங்க என்பது அவர் வாதம். உண்மைதான், விருந்தாளிகள் யாரும் ஏற்றவில்லை.

ஏற்றியது அவரேதான். அந்தச் சனிக்கிழமை கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அவருடைய டீமில் வேலை பார்ப்பவர் ஒருவரைப் பார்த்திருக்கிறார். நம் டீமையே அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். வேலை போனால் விசா போச்சு, பாப்பா வருவதும் போச்சு. அந்த நினைப்போடு ஓட்டி வந்தவர் இறங்காமல் காரை நேராகக் கட்டத்துக்குள் விட்டுவிட்டார்.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது தரையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டின் பின்பக்கம் நொறுங்கி, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

ஆமைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா பக்கத்து ஊரான ஹேவர்டில் இருந்தார். நான் ஓட்டினேன். இவர் மடியில் துண்டில் சுற்றிய மணி. அங்கே ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பூனையோடு வந்த ஒருவர் அதில் உட்கார்ந்துகொண்டார். இவர் கவனிக்கக்கூட இல்லை, நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

காயத்தைக் கழுவி, நொறுங்கிய துண்டங்களைப் பொருத்தி, கட்டுப் போட்டார் டாக்டரம்மா. சீழ் வைக்காது என்று தெரிந்த பிறகு படகுக்கு ஒட்டுப்போடும் ஃபைபர்கிளாஸால் ஒட்டுவதாகச் சொன்னார். பிழைத்தால் ஒரு பின்னங்கால் இழுக்கும், முதலில் அது சாப்பிடட்டும் என்றார். தனக்கு ஊசி போட்டாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர், அதன் முன்னங்காலில் ஊசி போடக் கற்றுக்கொண்டார். ஈ மொய்க்கக் கூடாது என்று விசிறிக்கொண்டே இருந்தார். மணி எதையும் தொடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது நான் அங்கே இருந்தேன். தூங்குகிறான் என்று சொல்லிச் சமாளியுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அப்பாதான் கண்ணு, மணி மேல வண்டிய ஏத்திட்டேன்."

அந்தப் பக்கம் பாப்பா ஏதோ கேட்டாள்.

"இல்ல கண்ணு, அவன் அழுவல" என்றார். இன்னும் ஏதோ கேட்டாள். இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நீ அழுகிறாயா என்று கேட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை என் மனைவி, அமீனா பழமொழி சொன்ன அதே மகராசி, எதிர்வீட்டுச் செடியிலிருந்து செம்பருத்திப் பூ ஒன்றைக் கேட்காமல் பறித்துக்கொண்டு போய் மணியின் முகத்துக்கு நேரே வைத்தாள். வெகுநேரம் கழித்து அது ஓர் இதழைக் கடித்தது. துண்டுக்காரர் என் மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மணி பிழைத்தது, வேலை பிழைக்கவில்லை. ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்த அவசரத்தில் ஆமையை விமானத்தில் ஏற்ற வழியில்லை. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹாலில் வெயில் விழும் மூலையைப் பார்த்து, ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் மணியை வைத்தார்.

"அப்பா திரும்பப் போயி மணியக் கூட்டிட்டு வருவேன்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கனுங்க. இடம் போயிராம பாத்துக்குங்க."

அவர் வரவில்லை. விசாவும் வரவில்லை. புத்தாண்டுக்கு அட்டை அனுப்புவார், முதல் வரியில் மணியைத்தான் விசாரிப்பார். காலை இழுத்து இழுத்து அது எங்கள் வீடு முழுக்கச் சுற்றுகிறது. வீடு உருப்படாமலும் போகவில்லை.

அந்தத் துண்டை என் மனைவிதான் துவைக்கிறாள். முழுதாகக் காய்வதற்குள் எடுத்துவந்து அதே மூலையில் மடித்துப் போட்டுவிடுகிறாள். ஈரமாக இருக்கிறதே என்றால், இடம் போய்விடும் என்கிறாள்.