கடைசி ஒன்று விற்பனைக்கல்ல

பொருளை விற்க மறுத்தே கடை நடத்தியவர் உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். அவர் நெய்வேலியில் எங்கள் பிளாக் முனையில் இருந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'கடைசி ஒண்ணு' என்றால் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சரக்கானாலும் கடைசியாக மிஞ்சும் ஒன்றை மட்டும் தரமாட்டார்.

ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பா ஒருநாள் பிளேடு கேட்டார்.

"ஒண்ணுதான் சார் இருக்கு."

"அந்த ஒண்ணத்தான்யா கேக்கறேன்."

"அது இருக்கட்டும் சார். யாருனா அவசரமா வருவாங்க."

"நானே அவசரமாத்தானே வந்திருக்கேன்!"

"தாடியோட போனா மெஷினு ஓடாதுங்களா?"

அப்பா அன்று தாடியோடுதான் சுரங்கத்துக்குப் போனார்.

அலமாரியில் ஒற்றைத் தீப்பெட்டி, ஒற்றைக் கொசுவத்தி, ஒற்றைச் சோப்பு எல்லாம் பொருட்காட்சிபோல் நிற்கும். அம்மாவுக்கு மறுத்த பால் பாக்கெட் சற்று நேரத்தில் எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்குப் போனது. அம்மாவால் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

பஜாரில் ஏசி போட்ட பெரிய கடை வந்தது. தள்ளுவண்டியும் உண்டு, தள்ளுபடியும் உண்டு. ஆனாலும் எங்கள் பிளாக் இவரைத் திட்டிக்கொண்டே இவரிடம்தான் வாங்கியது. அங்கே தீர்ந்தால் தீர்ந்ததுதான். இவரிடம் எப்போதும் ஒன்று இருக்கும். உண்மையிலேயே தவிக்கிற நாளில் அது நம்முடையது.

என் நாளும் வந்தது. காண்ட்ராக்டில் இருந்த எனக்கு பர்மனென்ட் வேலைக்கு நேர்முகத் தேர்வு. இதை விட்டால் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். ஸ்கூட்டியில் ஏறும்போது முந்தானையில் குத்திய ஊக்கு உடைந்தது. வீட்டில் துருப்பிடித்ததுகூட அகப்படவில்லை. கடைக்கு ஓடினேன். ஆணியில் ஒரே ஓர் ஊக்கு அட்டை தொங்கியது.

"அண்ணே, ஊக்கு... ஒண்ணுதான் இருக்கு போல."

"எங்க கிளம்பிட்ட, புடவையெல்லாம் கட்டிக்கினு?"

"இன்டர்வியூண்ணே. பர்மனென்டுக்கு."

அட்டையைக் கழற்றி நீட்டினார். "குத்திக்கினு ஓடுவியா, நின்னு பேசிக்கினு இருக்க!"

முடிவு தெரிய நாளாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள் எனக்கே பிடிக்கவில்லை. சாயங்காலம் தலையைக் குனிந்தபடி கடையைக் கடந்தேன்.

"ஏம்மா, இங்க பாரு."

ஆணியில் ஊக்கு அட்டைகள் கொத்தாகத் தொங்கின. பண்ருட்டிவரை போய் வாங்கி வந்திருக்கிறார்.

"எதுக்குண்ணே இத்தனை?"

"இனிமே தெனம் புடவை கட்டிக்கினு வேலைக்குப் போவல்ல?"

நியமன ஆணை வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை அந்தக் கடையில் மட்டும் நான் பர்மனென்டாக இருந்தேன்.