சலித்துக்கொண்டே வழங்கப்படும்

திருச்சுழியில் 'குறைவிலைக் கோட்டை' என்ற பேரங்காடி திறக்கப்பட்ட அன்றே, அதன் கிளை மேலாளர் மதன்குமாருக்கு மதுரை மண்டல அலுவலகம் ஒரு இலக்கு நிர்ணயித்தது. எதிர்த்தாற்போல் இருக்கும் சங்கையா மளிகைக் கடையை மூன்று மாதத்திற்குள் முந்தியாக வேண்டும்.

"முந்தலைன்னா சார்?"

"தருமபுரியில ஒரு எடம் காலியா இருக்கு தம்பி" என்றார் மண்டல மேலாளர் சங்கரபாண்டியன், வெகு அன்பாக.

மதன்குமாருக்குத் தருமபுரி மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவன் சம்சாரம் பாண்டீஸ்வரிக்கு அது மூணாம் மாசம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அவள் அம்மா வீட்டு ரசத்தைத் தவிர வேறெது உள்ளே போனாலும் போன வேகத்தில் திரும்பி வந்தது. அந்த ரசத்தைத் தூக்கு வாளியில் ஊற்றித் தருமபுரிக்குக் கொண்டுபோக முடியாது.

கோட்டைக்குள் ஏசி ஓடியது. துவரம்பருப்பு கிலோ 148 ரூபாய். சங்கையா கடையில் 155. 148க்குப் பக்கத்திலேயே 220 என்று எழுதி, அதைச் சிவப்புக் கோட்டால் அடித்தும் வைத்திருந்தார்கள். அந்த விலைக்கு அந்தப் பருப்பை யாரும் எந்தக் காலத்திலும் விற்றதில்லை. அடிபடுவதற்கென்றே பிறந்த விலை அது.

சனம் வந்தது. பரளச்சி பஸ்ஸில் இறங்கி, ஏசியில் வேர்வை ஆறுமட்டும் நின்று, விலையை எழுத்துக்கூட்டி வாசித்து, "நல்ல சல்லிசாத்தான் குடுக்குறாக" என்று வாயாரப் பாராட்டிவிட்டு, நேரே சங்கையா கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கியது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மதன்குமார், பரளச்சி மாயக்காளை வாசலில் மறித்தான்.

"பெரியம்மா, ஒரு நிமிசம். அங்க கிலோவுக்கு ஏழு ரூவா கூடத்தான?"

"கூடத்தான்."

"பெறகு ஏன் அங்க போறீக?"

"அவுக கொசுறு தருவாகய்யா."

"என்ன கொசுறு?"

"கருவேப்பில ரெண்டு இணுக்கு. சில நாளு வெல்லம் ஒரு துண்டு."

"அது ஒரு ரூவா பெறுமா?"

"ரூவாயா இப்ப கணக்கு? மூணு தடவ மாட்டேம்பாக. கட்டுபடியாகலம்பாக. கடைய மூடிட்டு ராமேசுவரம் போயிருவேம்பாக. கடைசில, 'யாருகிட்டயும் சொல்லிராதீக பெரியம்மா'ன்னு கையில திணிப்பாக. அத வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வெளிய வரும்போது..." மாயக்காள் முகத்தில் பத்து வயசு குறைந்துவிட்டது. "ஒங்க கடையில எவன்யா அப்பிடிப் பேசுறான்? பூராப் பயலும் சிரிக்கிறான்."

மதன்குமார் இதை அப்படியே மதுரைக்கு எழுதினான். மூன்றாம் நாள் பதில் வந்தது.

'தங்கள் கடிதத்தில் கண்டுள்ள கொசுறு என்னும் பொருள் நமது இருப்புப் பட்டியலில் காணப்படவில்லை. மேற்படி பொருளின் தயாரிப்பாளர், நிகர எடை, காலாவதித் தேதி ஆகிய விவரங்களை உடனடியாகச் சமர்ப்பிக்கவும்.'

அவனும் சமர்ப்பித்தான். தயாரிப்பாளர்: சங்கையா. நிகர எடை: அன்றைய மனநிலையைப் பொறுத்தது. காலாவதி: அடுத்த முறை கேட்கும் வரை.

இதன்பேரில் ஐவர் குழு அமைக்கப்பட்டது. குழு காரில் வந்திறங்கி, சங்கையா கடையில் இரண்டு நாள் நின்று, ஆளுக்குப் பத்து கிராம் கடுகாக வாங்கி வாங்கிக் குறிப்பெடுத்தது. சங்கையா அவர்களை ஊருக்குப் புதுசாகக் குடித்தனம் வந்தவர்கள் என்று நினைத்து, அவர்களுக்கும் புலம்பிக் கொடுத்தார். குழுத் தலைவர் தனக்குக் கிடைத்த வெல்லத்தை அலுவலகக் கோப்பில் சேர்க்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பின்னால் ஒரு புகார் எழுந்தது.

சுற்றறிக்கை வந்தது. ஒன்று: கொசுறு தாமாக வழங்கப்படலாகாது, கேட்கப்பட வேண்டும். இரண்டு: முதல் மூன்று கோரிக்கைகள் நிராகரிக்கப்பட வேண்டும். மூன்று: நிராகரிக்கும்போது பணியாளர் உரிய சலிப்புடன் காணப்பட வேண்டும். நான்கு: வழங்கியபின், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

சலிப்புப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். பில் போடும் தங்கமாரிக்கு வந்தது ஆத்திரம்.

"இத்தன நாளா சிரி சிரின்னு வாய இழுத்து வச்சீகளே சார்?"

"அந்தச் சிரிப்பு ஒன்னாந் தேதியில இருந்து வாபஸ்மா. எங்க, சொல்லுங்க: கட்டுபடியாகாதுக்கா."

"கட்டுபடியாகாதுக்கா."

"குரல்ல நஷ்டம் பத்தல."

"எனக்குச் சொன்ன சம்பளத்தயே இன்னும் போடல சார். இதுல நஷ்டத்துக்கு எங்க போறது?"

"அதே குரல்! அதே குரல்! அப்பிடியே பிடிச்சுக்கங்க!"

தங்கமாரிக்குத் திறமையாளர் சான்றிதழ் கிடைத்தது. சம்பளம் பழையபடி.

பிறகு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. விலையே இல்லாத பொருளை அது ஏற்க மறுத்தது. ஆகவே வெல்லத்துண்டுக்கு இரண்டு ரூபாய் விலை வைத்து, அதில் இரண்டு ரூபாய் தள்ளுபடியும் வைத்தார்கள். நிராகரிப்புக்கு மூன்று பொத்தான். மூன்றையும் அமுக்கினால்தான் பில் மூடும். கோட்டையிலும் கொசுறு உண்டென்று கேள்விப்பட்டு முதல் நாளே வந்த மாயக்காள், ரெண்டு தடவை கேட்டுவிட்டு, ரோசப்பட்டு இறங்கிப் போய்விட்டாள். தங்கமாரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

"பெரியம்மா! இன்னொரு வாட்டி கேளுங்க பெரியம்மா! பில்லு மூட மாட்டேங்குது!"

"மாட்டேன்னு சொன்னவதான நீயி?"

"இன்னொரு தடவ மாட்டேன்னு சொல்லணும். பெறகு தருவேன்!"

பஸ்ஸே சிரித்தது. மாயக்காளுக்கோ மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு வெல்லத்துண்டுக்காகத் தன் பின்னால் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பிள்ளை ஓடிவந்த கதையைப் பரளச்சி பூராவும் சொன்னாள். அடுத்த வாரம் பக்கத்து ஊரான வீரசோழன் சனமும் வந்தது. கூட்டம் சமாளிக்க முடியவில்லை.

கொசுறுக்குத் தனிப் பிரிவு, அதற்கொரு கண்காணிப்பாளர், அவருக்கொரு சுழல் நாற்காலி என்று செலவு ஏறியதால், துவரம்பருப்பு 162 ஆக்கப்பட்டது. யாரும் ஏனென்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கொசுறுக்காகவே கேட்டுக் களைத்திருந்தார்கள்.

எதிர்த்த கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சங்கையா யோசித்தார். கோட்டை ஜெயித்ததற்கு ஏசிதான் காரணம் என்று முடிவுகட்டி, லோனு போட்டு ஏசி மாட்டினார். 'சங்கையா மெகா டிஸ்கவுண்ட்' என்று பலகை வைத்தார். அதன் கீழே 'கொசுறு கேட்டு நச்சரிக்க வேண்டாம்'. பருப்பு 146.

"பெரியம்மா, இங்க பதினாறு ரூவா கம்மி!" என்று மாயக்காளைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"கம்மிதான் அண்ணாச்சி. ஆனா நீங்க முந்தி மாதிரி பேச மாட்டேங்கிறீகளே."

மூணு மாசம் முடிந்தது. கோட்டை முந்திவிட்டது. மதன்குமார் பாண்டீஸ்வரிக்கு மல்லிகைப்பூவும் மாமியாருக்கு ரசப்பொடிக்கு மிளகும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சங்கரபாண்டியனிடமிருந்து போன்.

"பிரமாதம் தம்பி! ஒங்க திறமை தருமபுரிக்குத் தேவைப்படுது. மாற்றல் ஆர்டர் கூரியர்ல வந்துக்கிட்டிருக்கு."

மதன்குமார் பூப்பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். "சார், முந்துனா இங்கயே இருக்கலாம்னு..."

"முந்தலைன்னா தருமபுரின்னேன். முந்துனா என்னன்னு நான் சொல்லவே இல்லையே?"

"சார், வீட்டுல ஆறாம் மாசம் சார்."

"கட்டுபடியாகாது தம்பி."

"அவளுக்கு அவ அம்மா கையால சாப்பிட்டாத்தான் சார்..."

"இப்பிடி ஆளாளுக்குக் கேட்டா நான் ஆபீச மூடிட்டு ராமேசுவரம்தான் போகணும்."

"சார், ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன் சார்."

எதிர்முனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "சரி. திண்டுக்கல் வச்சுக்கங்க. காலையில பஸ் ஏறுனா மத்தியானம் மாமியா வீடு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க தம்பி."

மதன்குமார் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான். பாண்டீஸ்வரி ஒரு உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தருமபுரியாம்டி! நான் விடல. கெஞ்சி, மல்லுக்கட்டி, திண்டுக்கல்லா ஆக்கிட்டேன்!"

"ஆர்டர்ல திண்டுக்கல்னுதான போட்டிருக்கு" என்றாள் அவள். "தேதி போன திங்கக்கிழமை."

மதன்குமார் வாங்கிப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். தருமபுரி என்ற ஊரே அந்தக் காகிதத்தில் இல்லை.

பாண்டீஸ்வரி அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கிவிட்டது.

"நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே கொறச்சு வச்சிருக்காகளே! தங்கமான மனுசருங்க அவுக."

"அதான்" என்றான் மதன்குமார். அவனுக்கும் அப்போதுதான் மனசு நிறைந்தது. பெட்டியை எடுத்துக் கீழே வைத்து, திண்டுக்கல்லுக்குச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தான்.