தடாலும் உறையும்

கைபேசி விழ மாட்டேன் என்றது.

கைக்கு வந்த எதையும் கீழே போடாமல் விட்ட வரலாறு அவனுக்குக் கிடையாது. தட்டு, தண்ணீர்க் குடுவை, மாமனாரின் பல்செட்டு, கல்யாணத்தன்று மோதிரம். சொந்தபந்தம் மொத்தமும் அவனைத் 'தடால்' என்றுதான் கூப்பிடும். அந்தச் சத்தத்துக்கே எதையாவது போட்டுவிடுவான் என்பதால் மச்சான் மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடுவார்.

அப்பேர்ப்பட்டவனைத்தான் கைபேசி உறை செய்யும் கம்பெனி, போனைக் கீழே போட்டு உறையைச் சோதிக்கும் வேலைக்கு எடுக்கலாமா என்று காலையிலிருந்து நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரம் போட்டால் நேராக விழுகிறதாம். மனிதன் போட்டால்தான் தாறுமாறாக விழுமாம். அதுவும் வேண்டுமென்றே போடக் கூடாது, தானாக நழுவ வேண்டும். போன் உங்களுடையது, உறை எங்களுடையது, உடைந்தால் புதுசு வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, மேசையில் கிடந்த கறுப்பு உறை ஒன்றை எடுத்து மாட்டிக் கொடுத்திருந்தார் மேலாளர்.

தடால் இங்கே வந்ததற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல. வீட்டில் மகள் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு முறைகூட அவளை அவன் தூக்கவில்லை. மனைவி நீட்டும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "கண்ணால பார்த்தாலே போதும்" என்பான். விழுந்தாலும் அடிபடாத உறை என்று ஒன்று உலகத்தில் இருக்குமானால், அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு.

"கவனம் சிதறினாத்தான் நழுவும். மாடிப்படி ஏறுங்க," என்றார் மேலாளர்.

ஏறினான். போனின் முகப்பில் மகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். காலையில்தான் மனைவி அந்தப் படத்தை வைத்துவிட்டிருந்தாள். பார்த்துக்கொண்டே ஏறினான், பார்த்துக்கொண்டே இறங்கினான். போன் விழவில்லை.

மறு கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்து ஏறச் சொன்னார் மேலாளர். கோப்பை விழுந்தது. தேநீர் மேலாளரின் ஷூவுக்குள் போனது. போன் விழவில்லை.

அந்த நேரம் பார்த்து வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, மேசையில் வைத்திருந்த தன் புதுக் கறுப்பு உறையை யாராவது எடுத்தீர்களா என்று கேட்டாள். சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்த மேலாளர், அப்புறம் வரும்படி கையை ஆட்டினார். தேநீரைத் துடைக்கத் துப்புரவு அம்மாள் வாளியோடு வந்தார்.

"பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினா எந்த ஆம்பளைக்கும் கை நடுங்கும். ஸ்பீக்கர்ல போட்டுக் கூப்பிடுங்க," என்றார் மேலாளர். சொந்த அனுபவம் போலிருக்கிறது.

அவள் எடுத்ததுமே ஆரம்பித்தாள். "இன்னும் ஒண்ணும் போடலையா? வீட்ல மட்டும் வஞ்சனையில்லாம போடுவீங்களே! சார், நம்பி வேலை குடுங்க சார். எங்க கல்யாண மோதிரம் இன்னும் அந்த மண்டபத்துச் சாக்கடையிலதான் கிடக்கு."

மேலாளருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று தடாலிடம் கொடுத்தார். யாரிடம் எதைக் கொடுக்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும். கண்ணாடி இரண்டானது. போன் விழவில்லை.

கண்ணாடி போனதோடு மேலாளரின் நிதானமும் போய்விட்டது. கையில் சோப்பு நீரைத் தடவிக்கொண்டு ஏறச் சொன்னார். தடால் தடவிக்கொண்டான். சோப்பு நீர் படியில் சொட்டியது. இறங்கும்போது கால் வழுக்கி, உருண்டு, கீழே நின்ற மேலாளரையும் வாரிக்கொண்டு, பெயருக்கேற்ற சத்தத்தோடு தரையில் வந்து விழுந்தான்.

போன் மட்டும் அவன் நெஞ்சோடு, இரண்டு கைக்குள்ளும் பொத்தினாற்போல் இருந்தது.

"போயிடுங்க," என்றார் மேலாளர், படுத்தபடியே. "ஒரு சாமானைக் கீழ போடத் துப்பில்ல உங்களுக்கு."

முப்பது வருஷம் போட்டதற்கெல்லாம் திட்டு வாங்கியவன், போடாததற்கு முதல்முறையாக வாங்கினான். கண் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த வடிவமைப்புப் பெண், நடந்ததைக் கேட்டு வாயைப் பிளந்தாள். "ஒரு தடவைகூட விழலையா? சோப்புத் தடவியுமா? அப்போ அது என் உறைதான் சார். விழுந்தா உடையாத உறையை எல்லாரும்தான் செய்யறாங்க. நான் செஞ்சது கையை விட்டு நழுவவே நழுவாத உறை."

மேலாளர் இடுப்பு வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். தடாலுக்கே நழுவவில்லையென்றால் இந்த ஊரில் வேறு யாருக்கு நழுவப்போகிறது? நாளையிலிருந்தே வேலைக்கு வந்துவிடும்படி சொன்னார்.

தடாலுக்கு வேலை காதில் விழவில்லை. போனைப் பொத்திய கையை விடாமல் அந்தப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மேடம், உறை செஞ்ச அதே சாமான்ல எனக்கு ஒரு ஜோடி கையுறை செஞ்சு தருவீங்களா? வீட்ல ஒரு பொண்ணு இருக்கா. தூக்கணும்."

படியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அம்மாள் நிமிர்ந்து, இடுப்பில் செருகியிருந்த எதையோ உருவி அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"நீ தேடின உறை இதானேம்மா, காலையில மேசைக்கடியில கிடந்துச்சு. தம்பி கையில இருக்கறது, நேத்து வந்த ஆளு நாள் முழுக்கக் கீழ போட்டுக்கிட்டிருந்த பழசு."